ஒரு நகலுக்கு மூவாயிரம் தலை

அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவர்களில் சீனியர், அயர்லாந்தின் கொலம்பா. ஆறாம் நூற்றாண்டு ஆள். ராஜ வம்சம், துறவி, பின்னாளில் புனிதர். ஆனால் நல்ல புத்தகம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

அவருடைய வாத்தியார் ஃபின்னியனிடம் பைபிளின் சங்கீதப் புத்தகம் ஒன்று இருந்தது. பூசை முடிந்து எல்லாரும் போனதும் கொலம்பா கோயிலுக்குள்ளேயே தங்கி, ராத்திரியில் திருட்டுத்தனமாகப் படியெடுத்தார். விளக்கு? வலது கை விரல் ஐந்தும் விளக்காக எரிந்தனவாம். பூட்டுத் துவாரத்தில் கண்ணை வைத்து வேவு பார்த்த பையனை, உள்ளே இருந்த கொக்கு ஒரே கொத்து. கண் வெளியே வந்துவிட்டது. வாத்தியார் அதைத் திரும்பப் பொருத்திவிட்டார். பிறகுதான் சாமர்த்தியம்: கடைசிப் பக்கம் எழுதி முடிகிற வரை வாயைத் திறக்காமல் இருந்து, முடிந்ததும் “நகலைக் கொடு” என்றார்.

வழக்கு அரசர் டியர்மட்டிடம் போனது. பசு யாருடையதோ கன்றும் அவருக்கே, ஆகவே புத்தகம் யாருடையதோ நகலும் அவருக்கே என்று தீர்ப்பு. அந்தக் காலத்துப் புத்தகம் கன்றுத்தோல் என்பதால், அரசர் உவமை சொன்னாரா, கையிலிருந்த சரக்கையே சொன்னாரா என்று சந்தேகம்.

இதில் வேடிக்கை, ஃபின்னியன் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. பாட்டு தாவீதுடையது என்பார்கள். லத்தீனில் செப்பனிட்டவர் ஜெரோம். அவர் 420-இல் காலமானார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற இன்றைய இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை 480-இலேயே காலாவதி. கேஸ் முதல் வாய்தாவில் தள்ளுபடி ஆகியிருக்கும். கருத்துத் திருட்டும் இல்லை: தாவீதின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை கொலம்பா போட்டுக்கொள்ளவில்லை. நம் அசைன்மெண்ட்களில் நடப்பது அதுதான். அவர் செய்த ஒரே தப்பு, கேட்காமல் எடுத்தது.

ஆனால் தோற்றவர் அப்பீல் போகவில்லை, சொந்தக்காரர்களைத் திரட்டினார். 561 வாக்கில் ஸ்லைகோ பக்கம் சண்டை. அரசர் தரப்பில் 3000 பேர் காலி, கொலம்பா பக்கம் ஒரே ஒருவர் என்பது ஐதீகம். 563-இல் அவர் ஊரை விட்டுக் கிளம்பி ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குப் போய் மடம் கட்டினார். அங்கேயும் படியெடுப்புதான் வேலை.

இவ்வளவு விவரமாகச் சொன்னவர் மானஸ் ஓ'டொனல், எழுதியது 1532-இல். அவரும் கொலம்பாவின் வம்சத்துக்காரர்தான். கொலம்பா இறந்து சுமார் நூறு வருஷத்திலேயே அவருடைய வரலாறு எழுதிய அடம்னான் சண்டையைச் சொல்கிறார். புத்தகம் பற்றி மூச்சு விடவில்லை. அரசர்மேல் வேறு பகையும் இருந்தது: கொலம்பாவிடம் அடைக்கலம் புகுந்த இளைஞனை இழுத்துப்போய்க் கொன்றார்கள். அதுதான் நிஜக் காரணமாக இருக்கும் என்பது என் கட்சி. ஓ'டொனல்களோ, இதுதான் அந்த நகல் என்று ஒரு சங்கீதப் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி, போருக்குப் போகும்போதெல்லாம் படையை மூன்று சுற்றுச் சுற்றி எடுத்துவந்தார்கள். 58 இலைகள் மிஞ்சி, டப்ளின் ராயல் ஐரிஷ் அகாதமியில் பத்திரமாக இருக்கின்றன. வாத்தியாரின் மூலப்பிரதிதான் எங்கே என்று யாருக்கும் தெரியாது.