வட்டக்கச்சியும் வாஷிங்டனும்

2002இல், போர்நிறுத்தத்தோடு, வன்னியூடான ஏ9 பாதை திறந்தது. அதே ஆண்டில் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் சேர்ந்து இலங்கையின் நிதித்துறை எவ்வளவு உறுதியானது என்று மதிப்பிட்டன. 1997 ஆசிய நெருக்கடியில் தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா எல்லாம் ஆட்டம் கண்ட பிறகு, 1999இல் தொடங்கிய ஏற்பாடு அது. வாஷிங்டனிலிருந்து நிபுணர் குழு வரும். வங்கிகளிடம் மூலதனம் எவ்வளவு, அறவிட முடியாத கடன் எவ்வளவு, மத்திய வங்கியின் கண்காணிப்பு எப்படி என்று பார்க்கும். வட்டி ஏறினால், நாணயம் சரிந்தால், கடன் வாங்கியவர்கள் கட்டாமல் விட்டால் வங்கிகள் தாங்குமா என்றும் கணக்குப் போடும். இதை அழுத்தச் சோதனை என்கிறார்கள்.

அந்த நாட்களில் நான் கிளிநொச்சிக்கு அருகே வட்டக்கச்சியில் ஒரு சிக்கனக் கடனுதவிச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடன் கேட்டு வருபவரின் வயல் எது, போன போகத்தில் எத்தனை மூட்டை விளைந்தது, நீர் இறைக்கும் மிசின் யாரிடம் இரவல் என்பதெல்லாம் நிர்வாகக் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கட்டத் தவறினால் தலைவர் சைக்கிளில் போய்த் திண்ணையில் இருந்து கதைத்துவிட்டு வருவார். மழை பிழைத்திருந்தால் தவணை அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போகும். கையில் மிஞ்சிய காசைப் பெண்கள் நகையாக்கி வைத்தார்கள். விதைப்புக்கு அடைவு வைப்பதும் அறுவடைக்குப் பிறகு மீட்பதும் வருடாவருடம் நடக்கும்.

கிளிநொச்சியில் அரச வங்கிகளும் இருந்தன, புலிகளின் தமிழீழ வைப்பகமும் இருந்தது. வைப்பகம் 1994இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. இலங்கை ரூபாயில்தான் கொடுக்கல் வாங்கல். வைப்பும் எடுத்தது, நகையும் அடைவு பிடித்தது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கி அல்ல என்பதால் கொழும்பு பார்க்கும் எந்தக் கணக்கிலும் அது இல்லை. அதை நம்பி நகை வைத்த பெண்களும் அந்தக் கணக்கில் இல்லை.

பிறகு வந்த சோதனையை எந்த நிபுணரும் கணக்கில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். 2006 ஓகஸ்டில் மீண்டும் போர் மூண்டு ஏ9 மூடப்பட்டது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது, வைப்பகமும்தான். அடைவு வைத்த நகைகளில் படையினர் கைப்பற்றியவற்றில் கொஞ்சத்தை 2014 ஒக்டோபரில் கிளிநொச்சியில் வைத்து உரியவர்களில் சிலருக்குக் கொடுத்தார்கள். இராணுவத்திடம் இருந்த இன்னொரு தொகுதி நகை 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினாறு வருடம். உரியவர்களில் எத்தனை பேர் அதற்குள் இறந்துபோனார்கள்!

அம்மா அரச வங்கிப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியபடியே வந்தா. எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் அரச வங்கிகள் கிளை திறந்தன. அம்மாவின் காசு அப்படியே இருந்தது, வட்டியும் சேர்ந்திருந்தது. முள்ளுக்கம்பிக்குள் இருந்த நாங்கள், அரசு சொன்ன சொல் ஒன்று அப்படியே நிறைவேறியதைப் பார்த்தது அந்த வங்கி மேசையில்தான். வங்கி நிலைத்து நிற்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று அங்கே விளங்கிக்கொண்டேன். ஆகவே அந்த மதிப்பீடுகள் வீண் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இன்றைக்குக் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து நடந்தால் கண்ணில் படுவதெல்லாம் வங்கிப் பலகை, லீசிங் பலகை. அறிவியல்நகரில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமே இருக்கிறது. மதிப்பீட்டுக் கணக்குக்குள் வன்னி வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டுப் படலையில் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கேட்பது இது: "அக்கா, நாளைக்கு லோன்காரர் வருவினம். ஒரு ரெண்டாயிரம் இருக்கோ?"

நுண்கடன் கம்பனிகளின் கிழமைக் கடன் குழுவாகத்தான் கிடைக்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். காசு சேரும்வரை வந்தவர் கதிரையை விட்டு எழும்ப மாட்டார். அதனால் எப்படியோ சேர்ந்துவிடும். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்பார்கள். அதுவும் போதாவிட்டால் நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டி, பிறகு தாலிக்கொடி. கம்பனிப் புத்தகத்தில் விழுவது 'தவணை செலுத்தப்பட்டது' என்ற ஒரு வரி. அதைப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு அது நல்ல கடன். எங்கள் சங்கத்தில் மழை பிழைத்துத் தள்ளிப்போட்ட தவணையோ அவருக்குக் கெட்ட கடன். என்னுடைய முறைப்பாடு முழுவதும் இந்த இடத்தில்தான்.

2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் குவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். அதே ஆண்டில் அரசு 35 வீத உச்சவரம்பு கொண்டுவந்தது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்வதாகவும் அறிவித்தது. கடன் குழி தோண்டி முடிந்த பிறகு வந்த உதவி என்றாலும், வந்தது.

இந்த மதிப்பீடுகள் எல்லாம் நலம் என்று எழுதி ஏமாந்ததும் உண்டு. 2006இல் அயர்லாந்தின் நிதி அமைப்பு நல்ல நிலையில் இருப்பதாக நாணய நிதியம் எழுதியது. இரண்டே வருடத்தில் அந்நாட்டு வங்கிகளை அரசு தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது.

எங்களுக்கு அடி விழுந்தது 2022இல். ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர் மேயில் முந்நூற்றறுபதுக்குப் போனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பெரிய வங்கிகள் எதுவும் மூடவில்லை, கணக்கில் இருந்த காசு ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் ஒரு மூட்டை உரத்துக்கு ஒதுக்கி வைத்த காசில் அந்த மூட்டையை வாங்க முடியவில்லை. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லி, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியைத்தான் சுமக்க வைத்தார்கள். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகளின் காசும் அதில் இருக்கிறது.

அடுத்த மதிப்பீட்டுக் குழு வரும்போது கொழும்பில் வங்கித் தலைவர்களைச் சந்தித்த கையோடு வன்னிக்கும் வரட்டும். தருமபுரத்திலோ முள்ளியவளையிலோ கிழமைக் கூட்டம் ஒன்றில் இருந்து, ஒரு பெண்ணின் பெயர் எத்தனை கம்பனிப் புத்தகங்களில் இருக்கிறது, இந்தத் தவணைக்கான காசை எங்கே எடுத்தாள் என்று கேட்கட்டும். அந்தப் பதிலையும் அழுத்தச் சோதனையில் சேர்த்து, அதே அறிக்கையில் அச்சிடட்டும்.