கயிறு அவிழ்ந்த பந்தல்

கேள்வி: அல்சைமர் நோய்க்கு அமிலாய்டு என்ற புரதம்தான் காரணம் என்று படித்தேன். இப்போது ‘டௌ’ என்று இன்னொரு புரதத்தைச் சொல்கிறார்களே, அது எங்கிருந்து முளைத்தது?
(வாசகர், திருச்சி)

பதில்: முளைக்கவில்லை, உங்கள் தலைக்குள் பிறவியிலிருந்தே வாடகை தராமல் குடியிருக்கிறது! வாடகைக்குப் பதில் வேலை செய்கிறது. நரம்பு செல்லுக்குள் சரக்கு போய்வரும் நுண்குழாய்களை, பந்தல் மூங்கிலைக் கட்டிய கயிறு போல, குலையாமல் பிடித்து வைத்திருக்கிறது. 1975-ல் பிரின்ஸ்டனில் கண்டுபிடித்தார்கள். அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் கயிறு அவிழ்கிறது. அவிழ்ந்தது சும்மா கிடக்காமல் தன்னோடு தானே முறுக்கிச் சிக்காகிறது.

இந்தச் சிக்கின் கதை பழையது. 1901-ல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில், 51 வயது ஆகஸ்டே டெட்டரிடம் பெயரைக் கேட்டார் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். “ஆகஸ்டே” என்றார். கணவர் பெயர்? அதற்கும் “ஆகஸ்டே”தான். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 1906-ல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அல்சைமர், செல்களுக்குள் நார்ச்சிக்குகளைக் கண்டார். அது டௌ என்று தெரிய 80 வருடம் பிடித்தது.

அமிலாய்டை ஒதுக்கவேண்டாம். ஆனால் ஞாபகம் எவ்வளவு கரைந்தது என்பதோடு நெருக்கமாக ஒத்துப்போவது டௌ சிக்குகளே. தலையில் அடி வாங்கியே வாழ்ந்த குத்துச்சண்டை வீரர்களின் மூளையிலும் இவை உண்டு. டௌவின் ஒரு வகையை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனைக்கு 2025-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சிக்கெடுக்கும் மருந்துகள் இன்னும் சோதனைக் கட்டத்தில்.