கருணை மிகுந்த மதிப்பெண்கள்

ஆகாயத்தில் பறந்துகொண்டே பிற விமானங்களுக்கு எரிபொருள் புகட்டும் டாங்கர்கள் 179 வாங்குவதற்கென, சுமார் 3,500 கோடி டாலர் ஒப்பந்தத்தை 2008 பிப்ரவரியில் நார்த்ராப் கிரம்மன் கோஷ்டிக்குத் தாரைவார்த்த அமெரிக்க விமானப் படையினர், குறித்த இலக்குக்கு மேற்பட்ட சாமர்த்தியத்துக்குத் தனிச் சலுகை கிடையாதென்று டெண்டரில் தாமே விதித்திருந்ததை, மதிப்பெண் போடும் சமயத்தில் சௌகரியமாக மறந்தார்கள். அதனினும் ரசமானது, பராமரிப்பு வேலையை இரண்டாண்டுக்குள் படையின் சொந்தப் பணிமனைக்கு மாற்ற உதவ வேண்டுமென்ற அத்தியாவசிய நிபந்தனைக்கு அக்கம்பெனி இணங்க மறுத்ததை, ‘நிர்வாகக் கவனக்குறைவு’ என்று பெயரிட்டு க்ஷமித்த காருண்யம். (நம் வீட்டு வரி பாக்கிக்கும் இப்பெயரிடச் சம்மதிப்பார்களா, தெரியவில்லை.) எதிர்ப்போட்டியிட்ட போயிங்காரரிடமோ, முக்கிய இலக்கொன்றைப் பூரணமாக எட்டிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, பிற்பாடு அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு, மாற்றியதை மட்டும் பரம ரகசியமாக வைத்துக்கொண்டார்கள்.

போயிங்கின் ஆட்சேபத்தை விசாரித்த அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் ஜூன் 18 அன்று அதை ஏற்றது. ஆயுட்காலச் செலவுக் கணக்கின் பிழைகளைத் திருத்தினால் போயிங்கே மலிவு என்பதை, விசாரணையினிடையே விமானப் படையே ஒப்புக்கொண்டிருந்தது. 2011இல் ஒப்பந்தம் போயிங்குக்குக் கிட்டிற்று. முதல் டாங்கர் 2019 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. இத்தனை பிரயாசையுடன் வென்ற அவ்வேலையில் போயிங் அடைந்த நஷ்டமோ பல நூறு கோடி டாலர்.