மாவடு முதல் மாங்கொட்டை வரை: வீட்டுப் பக்குவத்தில் குறைகூறலின் இடம்

1. வரையறை

வீட்டுப் பக்குவம் என்பது ஒரு குடும்பத்தில் எழுதி வைக்கப்படாமலேயே தலைமுறை தாண்டி வரும் சமையல் முறை. அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு: பொருள், அளவு, செய்முறை, குறைகூறல். முதல் மூன்றையும் சமையல் நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டன. நான்காவது உறுப்பு எல்லா வீடுகளிலும் வேளை தவறாமல் நிகழ்ந்துவந்தும் அதற்குரிய இடம் தரப்படவில்லை. அந்தக் குறையைக் கோடைக்கால மாங்காயை எடுத்துக்காட்டாகக் கொண்டு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாங்காய் தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காரணம் இரண்டு. மாசியில் வடுவாக வீட்டுக்குள் நுழைந்து ஆடியில் கடைசிப் பழமாக வெளியேறும் வரை அது ஒவ்வொரு வளர்ச்சி நிலையிலும் ஒரு பண்டமாகிறது. ஒவ்வொரு பண்டத்திலும் குறை சொல்ல இடம் இருக்கிறது.

2. மூலப்பொருளின் இயல்பு

மாமரமும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காயின் காம்பை ஒடித்தால் பீறிடும் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும். முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் கையைப் பொசுக்கும். குடும்பக் குணம் இரண்டிலும் தெரிகிறது.

மார்கழி, தை மாதங்களில் மரம் பூக்கிறது. ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். காயாகி நிற்பவை ஒன்றிரண்டு. தாங்க முடியாத பிஞ்சுகளை மரம் தானே உதிர்க்கிறது. உதிர்ந்தவற்றைத் தெருப் பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கணக்கை முடிக்கிறார்கள். ஊறுகாய் போடுபவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. அடிபட்ட பிஞ்சு ஜாடியில் அழுகி மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால், காம்போடு பறித்ததுதான் வடு.

கடையில் வாங்கும் பங்கனப்பள்ளியும் ருமானியும் நீலமும் ஒட்டுக்கன்றில் விளைந்தவை. ஒரே இனத்து மரங்களெல்லாம் தாய்மரத்தின் நகல்கள். கொல்லைப்புறத்து மரமோ பெரும்பாலும் யாரோ தின்று எறிந்த கொட்டையிலிருந்து முளைத்தது. கொட்டையில் முளைக்கும் நம் நாட்டு மா பொதுவாகத் தாயைப் போல இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு கொல்லை மரத்தின் புளிப்பும் அந்த மரத்துக்கே உரியது. அதற்குப் பெயரும் கிடையாது. போதாததற்குப் பல மரங்கள் ஒரு வருஷம் குலுங்கக் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கின்றன. ஓய்வு வருஷத்தில் காய் வெளியிலிருந்து வருகிறது, புளிப்பு மாறுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் பொருளுக்கு மாறாத அளவு எழுத முடியாது என்ற இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

3. வளர்ச்சி நிலைப்படி வகைப்பாடு

(அ) வடு. மாசி, பங்குனியில் சந்தைக்கு வருகிறது. உருண்டை வடுவே உயர்ந்தது என்பது மதுரைப் பக்கத்துக் கொள்கை. அழகர்மலை வடு என்று சொன்னால் பேரம் பாதியில் நின்றுவிடும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகுப்பொடி ஆகியவற்றோடு ஜாடியில் அடுக்குகிறார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. உப்பு வடுவுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மூன்று நான்கு நாளில் ஜாடியில் தண்ணீர் தானாகவே ஊறி நிற்கும். நீரை இழந்த வடு சுருங்குகிறது. மனிதர்க்குச் சுருக்கம் வயதின் அடையாளம் என்றால் வடுவுக்கு அது தகுதியின் அடையாளம்: சுருங்காத வடுவை யாரும் மதிப்பதில்லை. தினமும் ஜாடியைக் குலுக்க வேண்டும். குலுக்கும் பொறுப்பு ஒருவருக்கும், குலுக்கியாயிற்றா என்று கேட்கும் பொறுப்பு இன்னொருவருக்கும் தரப்பட்டிருக்கும்.

(ஆ) முற்றாத காய். சித்திரை முதல் நாள் பச்சடி இந்த நிலைக்குரியது. மாங்காயின் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, மிளகாயின் உறைப்பு, உப்பு, வேப்பம்பூவின் கசப்பு, காயின் தோலோரத்துத் துவர்ப்பு என அறுசுவையும் ஒரு கரண்டியில் அடங்கும். வேப்பம்பூ விலைக்கு வாங்குவதல்ல. மரத்தடியில் வேட்டி விரித்து உதிர்வதைச் சேர்ப்பது. வாழ்வில் எல்லாச் சுவையும் கலந்துவரும் என்ற தத்துவத்தைப் பெரியவர்கள் இந்த நேரத்தில் எடுத்துரைப்பார்கள். பிள்ளைகள் வேப்பம்பூவைப் பொறுக்கி இலையோரம் ஒதுக்கிவிட்டுத் தத்துவத்தின் மீதியை உண்பார்கள்.

(இ) முற்றிய காய். இதுவே வளமான நிலை. துருவி நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளறினால் தொக்கு. சோற்றோடு கலந்தால் மாங்காய் சாதம். இதே பருவத்தில் கொல்லை முருங்கை காய்க்கிறது. பலாக்கொட்டை சேர்ந்து கிடக்கிறது. கத்தரிக்காய் எப்போதும் உண்டு. நான்கையும் ஒரே குழம்பில் கூட்டுவது தென்மாவட்டத்துப் பழைய வழக்கம். கடற்கரை வீடுகளில் மாங்காய் மீன்குழம்புக்குப் போகிறது. அன்று புளியின் அளவு குறைகிறது. குறைத்தது போதுமா என்ற கேள்வி ஆறாம் பகுதிக்குரியது.

கத்திரி வெயிலில், அதாவது மே 4 ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடியும் நாட்களில், உப்பில் ஊறிய மாங்காய்த் துண்டுகள் மொட்டை மாடியில் வற்றலாகின்றன. காக்கை விரட்ட ஒரு பையனைக் குச்சியோடு உட்கார வைப்பது மரபு. வற்றல் எடை குறைவதற்குக் காரணம் இரண்டு: ஒன்று நீர் ஆவியாதல், மற்றொன்று காவலர். இரண்டையும் பிரித்தறியும் முறை இதுவரை கைகூடவில்லை.

(ஈ) பழம். காயிலிருந்த மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது, புளிப்பமிலம் குறைகிறது. வைக்கோலில் மூடி வைத்தால் பழம் தானே வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளேயே தங்கிப் பக்கத்துக் காய்களையும் பழுக்க வைக்கும். கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். வீட்டில் பழம் சமையலுக்கு வருவது அபூர்வம், வந்தால் மோர்க்குழம்பு. பழத்தைக் குழம்பில் போடலாமா என்பதில் வீடுகள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துள்ளன. சமரசத்துக்கான அறிகுறி இல்லை.

(உ) கொட்டை. சதை ஒட்டிய கொட்டை குழம்பில் வேகிறது. அதைச் சப்புவதற்குரிய வாரிசு வரிசையைப் பாட்டி தீர்மானிக்கிறார். மேல்முறையீடு இல்லை.

4. அளவைகள்

பழைய முகத்தல் அளவையில் 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. ஒரு படி வடுவுக்கு ஓர் ஆழாக்கு உப்பு என்பது பல வீடுகளில் சொல்லப்படும் கணக்கு; அதாவது எட்டில் ஒரு பங்கு. 1956-ல் மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்தது. சந்தை கிலோவுக்கு மாறியது. ஆழாக்கு பரணுக்குப் போனது. அடுப்படி இரண்டுக்கும் கட்டுப்படாமல் கையளவைக்குத் திரும்பியது.

கையளவையில் முக்கியமானவை மூன்று: சிட்டிகை, உள்ளங்கை, கைப்பிடி. இவற்றின் சிறப்பு, அளக்கும் கருவி ஆளோடு சேர்ந்தே வருவது. பாட்டி போட்ட கைப்பிடி உப்பும் பேரன் மனைவி போடும் கைப்பிடி உப்பும் பெயரில் ஒன்று, எடையில் வேறு. இதற்கு மாற்றாக டம்ளர் அளவை உண்டு. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அளவுக்கென்று ஒரே ஒரு டம்ளர்தான் உண்டு. பெரும்பாலும் அது நசுங்கியது. நசுங்கியதும் அளவில் சேர்த்தி. அந்த டம்ளர் தொலைந்தால் குடும்பத்தின் பாதிச் சமையல் தொலைந்ததாகக் கொள்ளலாம்.

மேற்கண்ட அளவைகளுக்கு மேல் கண்ணளவை ஒன்று இருக்கிறது. எவ்வளவு என்று கேட்டால், "பாத்தாலே தெரியும்" என்பதே அதன் முழு விளக்கம்.

5. ஜாடியும் ஆட்சியும்

ஊறுகாயின் உப்பும் புளிப்பும் சாதாரண உலோகப் பாத்திரத்தை அரிக்கும். பீங்கான் அதற்கு அசைந்து கொடுக்காது. ஆகையால் ஜாடி. வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் மூடி. எடுப்பதற்கு மரக்கரண்டி, அதில் ஈரம் கூடாது. ஈரம் பட்டால் மேற்பரப்பில் உப்பின் செறிவு குறைகிறது. குறைந்த இடத்தில் பூசணம் பூக்கிறது. இந்த அறிவியல் வீடுகளில், "ஈரக் கையோட ஜாடியத் தொட்டது யாரு?" என்ற ஒற்றைக் கேள்வியாகக் கற்பிக்கப்படுகிறது. கேள்விக்கு விடை கிடைத்ததாகச் செய்தி இல்லை.

ஜாடி இருக்கும் அலமாரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரே அந்த வீட்டுப் பக்குவத்தின் அதிபதி. மருமகள் வந்து பல ஆண்டுகள் கழித்தே அலமாரி கைமாறுகிறது. கைமாறிய பிறகும் மாமியாருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை ஆயுள்வரை நீடிக்கிறது.

6. குறைகூறலின் வகைகள்

முதல் வகை அளவுக்குறை. "உப்பு ஒரு கல்லு கம்மி." இது துல்லியமானது, பயனுள்ளது, எந்தப் பொருளை எந்தத் திசையில் எவ்வளவு திருத்த வேண்டும் என்ற மூன்று செய்திகளும் இதில் உள்ளன.

இரண்டாவது காலக்குறை. "போன வருஷம் போட்டது மாதிரி இல்ல." இதில் ஒப்பிடும் பொருள் தீர்ந்துபோனதால் சரிபார்க்க வழியில்லை. போன வருஷமும் இதே வாக்கியம் சொல்லப்பட்டது என்பதைச் சமைத்தவர் மட்டும் நினைவில் வைத்திருப்பார்.

மூன்றாவது வம்சக்குறை. "எங்க அம்மா வைப்பாங்க பாரு..." வாக்கியம் முடிவதில்லை; முடிய விடப்படுவதும் இல்லை. இதிலிருந்து சமையலுக்குக் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. "அப்போ நாளைக்கு நீங்களே வச்சுக்குங்க" என்பது இதற்கு நிலைபெற்ற மறுமொழி.

நான்காவது மௌனக்குறை. சொல் எதுவும் இல்லை. வடு இலையின் ஓரத்துக்கு நகர்கிறது. நான்கிலும் கடுமையானது இதுவே.

பாராட்டு தனி வகையாகக் கிடைக்கவில்லை. "இன்னும் ரெண்டு போடு" என்பதைப் பாராட்டாகக் கொள்ளும் வழக்கம் எல்லா வீடுகளிலும் உள்ளது. குறை சொல்வோரில் ஒரு சாரார் ஜாடியை ஒருநாளும் குலுக்கியறியாத ஆண்கள் என்பதும், ஆயினும் ஒரு கல் உப்பைக் கண்டுபிடிக்கும் நாக்கு அவர்களுக்கு வாய்த்திருப்பதும் இத்துறையில் விளக்கம் வேண்டி நிற்கின்றன. பிறந்தது முதல் ஒரே கையின் சமையலைத் தினமும் உண்டுவந்ததால் விலகல் உடனே தெரிகிறது என்பது பொருத்தமான விளக்கம். இந்த ஆண்களின் நாக்கு, அம்மா போட்ட உப்புக்கு எடைக்கல்லாக இருந்திருக்கிறது. அவர்கள் அதை அதிகாரம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

7. பரவலும் பதிவும்

வாய்மொழி மரபை அச்சுக்குக் கொண்டுவந்ததில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முக்கியமானது. அதன் முதல் பாகம் 1951-ல் வெளிவந்தது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்களோடு ரயிலும் கப்பலும் விமானமும் ஏறிய நூல் அது. பொருளும் அளவும் செய்முறையும் அதன்மூலம் ஊர் கடந்தன. நான்காம் உறுப்பு ஊரிலேயே தங்கிவிட்டது. அதைக் கொண்டுசேர்க்கும் பணியை முதலில் கடிதமும் பிறகு தொலைபேசியும் இப்போது வாட்ஸ்அப் காணொளி அழைப்பும் செய்கின்றன. வெளிநாட்டு அடுப்படியில் வாணலியைத் திரைக்கு நேரே சாய்த்துப் பிடிக்கும் மகளிடம், "இன்னும் எண்ணெய் பிரியல, கிளறு" என்று ஊரிலிருந்து அம்மா சொல்லும்போது தொக்கின் செய்முறை முழுமை பெறுகிறது.

8. முடிவுகள்

கொல்லை மரத்தின் புளிப்பு மரத்துக்கு மரம் வேறு. காயும் வருஷம் தோறும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அளக்கும் கையும் தலைமுறைக்கு ஒருமுறை மாறுகிறது. மூன்றும் மாறியும் ஒரு வீட்டு வடு நாற்பது வருஷம் ஏறக்குறைய ஒரே சுவையில் இருக்குமானால், மாறாமல் நின்ற உறுப்பு ஒன்றே: குறைகூறல். மாசியில் குறை கேட்டவர் அடுத்த மாசியில் கையைத் திருத்திக்கொள்கிறார். அளவு எழுதப்படாத வீட்டில் அளவுகோலின் வேலையைக் குறைகூறலே செய்துவந்திருக்கிறது.

இதனால் குறை சொல்வோருக்குப் பெருமை சேர்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. அளவுகோல் வடு போடுவதில்லை. திருத்தியது ஜாடி குலுக்கிய கை.

குடும்பப் பக்குவத்தை எழுதிவைக்க விரும்புவோர், பொருட்பட்டியலுக்குக் கீழே இன்னொரு பத்தி விட்டு, எந்த வருஷம் யார் என்ன குறை சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. "உப்பு தேவையான அளவு" என்று எல்லா நூல்களும் எழுதும் இடத்தில், அந்தத் தேவை எவ்வளவு என்பதற்கு வேறு ஆவணம் கிடையாது.