எலுமிச்சம்பழமும் 365 குதிரைகளும்

பிரிஸ்பேன்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? பெரியம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஏர்போர்ட்டில் ஒளிக்காமல் எடுத்துக் காட்டினோம். ஆபீசர் முகர்ந்து பார்த்தார், இரண்டு தும்மல் போட்டார், போகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் போனில் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். சின்னவன் வேகமாகப் பறக்கிற செடான் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "ஏங் கண்ணு, நீ ஒரு கியா வண்டிக்கு முப்பது லட்சம் கொட்டினியே, அந்தக் காசுக்கு அது தகுமா?" என்றீர்கள். போனில் பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உங்கள் மருமகள் நின்றிருந்தாள். அவளிடம் வேறு ஒரு பதில் இருக்கிறது.

வண்டியின் பெயர் ஸ்டிங்கர். கொடுக்கு என்று அர்த்தம். 2018இல் அதன் ஜி.டி. மாடலுக்குப் போட்டிருந்த விலை 59,990 டாலர். செருப்புக் கடையில் 299.95 என்று போடுவானே, அதே வித்தை. ரிஜிஸ்ட்ரேஷன், முத்திரைத் தீர்வை, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. இந்தியாவுக்குக் கியா வந்தது 2019இல், அனந்தபூர்ப் பக்கத்து ஆலையில் செய்த செல்டாஸோடு. ஸ்டிங்கரை அங்கே விற்கவே இல்லை. அதனால் கியா என்றதும் உங்களுக்கு செல்டாஸ்தான் கண்ணில் வரும். இது வேறு ஜாதி வண்டி. 3.3 லிட்டர் வி6 என்ஜின், இரண்டு டர்போ, 365 குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.9 விநாடி. அந்த ஆபீசர் இரண்டாவது தும்மல் போடுவதற்குள் நூறைத் தாண்டியிருக்கும்.

"அதெல்லாம் சரி, கியாவுக்கு என்ன பரம்பரை இருக்கு?" என்பீர்கள். 1944இல் சியோலில் சைக்கிள் பாகங்களும் இரும்புக் குழாயும் செய்து ஆரம்பித்த கம்பெனி அது. நீங்களும் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைப்பதற்கு முன் சைக்கிள் கடைதானே வைத்திருந்தீர்கள்? பிறகு அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் சமைத்த தவசிப்பிள்ளையை அதிகச் சம்பளம் பேசி நம் மெஸ்ஸுக்குக் கூட்டிவந்தால் எப்படி? ஆடி கார்களுக்கு உருவம் வரைந்த பீட்டர் ஷ்ரையரை 2006இல் அழைத்துக்கொண்டார்கள். பி.எம்.டபிள்யூ.வின் பந்தயப் பிரிவில் பேர் வாங்கிய ஆல்பர்ட் பியர்மனும் 2015இல் ஹூண்டாய்–கியா பக்கம் வந்துவிட்டார். அந்தச் சமையல்தான் ஸ்டிங்கர்.

இந்த ஊரில் அது வந்து இறங்கிய நேரமும் அப்படி. பெரிய என்ஜின், பின்சக்கர ஓட்டம், நாலு கதவு என்ற வண்டிமேல் ஆஸ்திரேலியர்களுக்குத் தனிப் பாசம். ஃபோர்டு ஃபால்கனா, ஹோல்டன் கமடோரா என்று ரஜினி–கமல் மாதிரி இரண்டு கட்சி. 2016 அக்டோபரில் ஃபோர்டு ஆலையை மூடினார்கள். 2017 அக்டோபரில் அடிலெய்டுப் பக்கம் ஹோல்டன் ஆலையும் மூடியது. இரண்டு கட்சிக்காரர்களும் அநாதையாக நின்ற அந்த வருஷம்தான் ஸ்டிங்கர் கடைக்கு வந்தது.

வாங்கிய மறுநாள் சவுத் மக்லீன் செல்வ விநாயகர் கோயிலில் பூஜை போட்டோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "மெதுவா எடுங்கோ" என்றார் குருக்கள். மெதுவாகத்தான் மிதித்தேன். உங்கள் அம்பாசடரை மிதித்துப் பழகிய கால் அல்லவா, அதற்கு மெதுவென்றால் என்னவென்று தெரியவில்லை. முன்டயர் பழங்கள் சம்பிரதாயப்படி நசுங்கின. பின்டயர்ப் பழம் ஒன்று மட்டும் நசுங்காமல் வழுக்கிப் பின்னால் பறந்து, பஞ்சாமிர்தம் வாங்க நின்ற ஒருவரின் பட்டு வேட்டியில் போய் விழுந்தது. அவர் அதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஃபால்கனும் கமடோரும் போனபின் குயின்ஸ்லாந்து போலீஸ் ரோந்துக்கு எடுத்ததும் இதே ஸ்டிங்கர்தான். கோல்டு கோஸ்ட் நெடுஞ்சாலையில் என் முகப்பு விளக்கைக் கண்ணாடியில் பார்த்தால் போதும், முன்னால் போகிறவர்கள் பிரேக்கைத் தட்டி, கையிலுள்ள போனைக் கீழே போட்டு, உத்தம புத்திரர்களாக இடப்பக்கம் ஒதுங்குகிறார்கள். நம் ஊர் இன்ஸ்பெக்டருக்குக் கூட இந்த மரியாதை கிடையாது. ஒதுங்கியவர்கள், நான் கடக்கும்போது உள்ளே டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் மருமகளைப் பார்த்துவிட்டு முறைப்பது தனிக் கதை.

இனி வருத்தங்களைச் சொல்கிறேன். 270 கிலோமீட்டர் வேகம் போகும் வண்டி இது. ரோட்டில் அனுமதி அதிகபட்சம் 110. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போய் மாட்டினால் அபராதம் போக லைசென்ஸ் ஆறு மாசம் முடக்கம். ஆக, 365 குதிரையையும் லாயத்தில் கட்டிவைத்துக் கொள்ளு போடுகிறேன். கொள்ளும் கொஞ்சமில்லை: நூறு கிலோமீட்டருக்கு 10.2 லிட்டர் என்பது கம்பெனிக் கணக்கு, டவுனுக்குள் எனக்குப் பதினாலு ஆகிறது. உங்கள் அம்பாசடரே தேவலை. முன்டயர் ஒரு அகலம், பின்டயர் ஒரு அகலம். அதனால் தேயும்போது முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் பின் சீட்டில் உயரமானவர்கள் தலை குனிந்துதான் உட்கார வேண்டும். அம்மா வந்திருந்தபோது, "இதென்னடா, கருவறைக்குள்ளே நுழையற மாதிரி இருக்கு" என்றாள்.

பொங்கல் விழாவுக்குப் போனால் ஜெர்மன் வண்டிக்கார நண்பர் ஒருவர் என் தோளில் கை போட்டு, "கியாவா? நல்ல வண்டி, மைலேஜ் கொடுக்கும்" என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில். அவர் வண்டிக்கு நாலு சிலிண்டர், என்னுடையதற்கு ஆறு. விலையோ அவருடையதுதான் கூடுதல். பஸ் பாடி வாங்க வருகிறவர் பெயர்ப்பலகையைப் பார்க்க மாட்டார், தகரத்தைத் தட்டி ரிவெட்டைத் தடவித்தான் பார்ப்பார் என்று நீங்கள் சொல்லுவீர்கள். கார் வாங்குகிறவர்கள் அப்படியில்லை பெரியப்பா, பெயர்ப்பலகையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

சரி, தகுமா? ஏழு வருஷ வாரன்டி முடிந்துவிட்டது. 2023இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். என் வண்டி இதுவரை ஒரு நாள் நடுரோட்டில் நிற்கவில்லை. இதே சக்தியை ஐரோப்பியப் பெயரோடு வாங்கியிருந்தால் எண்பதாயிரம் டாலரைத் தாண்டியிருக்கும். இயந்திரத்துக்குக் கொடுத்த காசு அத்தனையும் இயந்திரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்தை நான் முழுசாகத் தொடுவது நெடுஞ்சாலையில் சேரும் சரிவில், நாளைக்கு ஐந்தாறு விநாடி. மாசம் ஒரு ஞாயிறு மவுண்ட் குளோரியஸ் மலைப்பாதை. கொல்லிமலையின் எழுபது வளைவுக்கு முன் அது பச்சைப்பிள்ளை. ஆனாலும் ஸ்டியரிங் கைக்குள் பேசும். கணக்குப் பார்த்தால் வண்டி காசுக்குத் தகும், வாங்கியவன்தான் வண்டிக்குத் தகவில்லை. உங்கள் மருமகளின் பதில் இதில் இரண்டாவது பாதி மட்டும்.

சின்னவன் வாங்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் முன்பணம் கட்டுமுன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு அவன் சிநேகிதர்களை ஏற்றாமல், உங்களையும் பெரியம்மாவையும் பின் சீட்டில் உட்காரவைத்து, திருச்சி ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டட்டும். திரும்பி வந்து இறங்கும்போது உங்கள் முழங்கால் என்ன சொல்கிறதோ, அதுதான் தீர்ப்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்