கேள்வி – பதில்: சென்னை அரசு பொது மருத்துவமனை (ஜி.எச்.)

சென்னை ஜி.எச்.சுக்கு அப்படி என்ன வயதாகிவிட்டது? பளபளவென்று இருக்கிறதே!

பளபளப்பது கட்டடம். ஆஸ்பத்திரி 1664-ல் கோட்டைக்குள் பிறந்தது. மாநகராட்சியே 1688-ல்தான் வந்தது. மாநகராட்சிக்கு ஆள் வருவதற்கு முன்பே வைத்தியம் பார்க்க ஆள் வந்துவிட்டார்!

அந்தக் காலத்தில் பெண்கள் டாக்டருக்குப் படிக்க லண்டனுக்குத்தானே போக வேண்டும்?

லண்டனில் பிறந்த மேரி ஷார்லிப் எங்கே மருத்துவம் படிக்கத் தொடங்கினார் தெரியுமா? 1875-ல், ஜி.எச்.சோடு இணைந்த சென்னை மருத்துவக் கல்லூரியில்! மருத்துவம் படிக்க வந்த பெண்கள்மேல் எடின்பரோவில் சேற்றை வாரி வீசி அப்போது ஐந்தே ஆண்டுதான் ஆகியிருந்தது. 1835-ல் சிறு பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கல்லூரியோ, பெண்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. அதற்காகவே அந்தக் கல்லூரியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அங்கே படித்தவர்கள் வெளிநாட்டுக்குத்தானே பறக்கிறார்கள்?

1912-ல் தேறிய முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்க. 1954-ல் அடையாறுக்குப் போனார், புற்றுநோய் மருத்துவமனை தொடங்க. இதைவிடத் தூரம் யார் போனார்?

அந்த மாணவர்களுக்கு ஒரே ஆஸ்பத்திரியில்தான் பயிற்சியா?

கண்ணுக்கும் பிரசவத்துக்கும் எழும்பூர், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லேயே தொடங்கியது.

கையில் காசு இருக்கிறவனுக்கு ஜி.எச்.சில் என்ன வேலை?

அங்கே ரத்த வங்கி இருக்கிறது. உடம்பில் தெம்பும் இருந்தால், இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.