எஃப்1-உம் ஜெராக்ஸும்

எங்கள் அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் கணக்கெல்லாம் லிப்ரே ஆபிஸ் மென்பொருளில்தான். அதற்குக் காசில்லை என்றதும் முதலாளி மறுபேச்சின்றித் தலையாட்டினார்.

சந்தேகம் வந்தால் எஃப்1 அழுத்தணுமாம். அழுத்தினேன். உதவிக் கோப்பைத் தனியாக நிறுவவில்லை. அதனால் அது இணையத்துக்கு ஓடியது. கரண்ட் இல்லாத நேரம். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் உண்டு, ரூட்டருக்குக் கிடையாது.

“கையில பிடிச்சாத்தானுங்க நம்பிக்கை” என்று முதலாளி கையேட்டை அச்செடுத்து ஸ்பைரல் போடச் சொன்னார். மென்பொருள் இனாம், ஜெராக்ஸ் கடைக்காரர் இனாமில்லை. வருஷத்துக்கு 2 தடவை புதுப் பதிப்பு வருகிற மென்பொருள் அது. கையேடு சொல்லும் மெனுவைத் திரையில் தேடிக் கண் பூத்துப்போனது.

2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் ‘கணியம்’ மின்னிதழைக் காட்டினேன். “அதையும் பிரிண்ட் போட்ருங்க” என்றார்.

பித்தளைக் குடம் எடைபோடும் மேசை இப்போது ஆடுவதில்லை. அதன் காலடியில் இருப்பது அந்தக் கையேடு.